சாவி வந்த பிறகு

ஜூன் 12

காலை வெறும் வயிற்றில் 142.

சர்க்கரை டாக்டர் தினமும் அளவைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். பம்ப் கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. ஒரு எண்ணை எழுத இத்தனை பெரிய பக்கம் எதற்கு, அன்றன்று நடப்பதையும் எழுதலாம் என்றிருக்கிறேன். கம்பெனி ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக வந்த சாமான், போன சாமான் எழுதிய கை. வேறு எழுதிப் பழக்கமில்லை.

ஜூன் 16

139.

வங்கியில் கையெழுத்து முடிந்தது. நானும் மனைவி கருணாம்பிகையும் சேர்ந்து இருபத்திரண்டு லட்சம், இருபது வருடக் கடன். வீடு அன்னூர் சாலையில், மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. இப்போது அங்கே தூண்கள் மட்டும் நிற்கின்றன. கட்டக் கட்ட வங்கி பகுதி பகுதியாகப் பணத்தை பில்டருக்குக் கொடுக்கும். கைப்பணம் ஐந்தரை லட்சம். அதில் அவளுடைய ஏழு பவுனும் போய்விட்டது.

கருணா ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தபோது வங்கி மேடம் வட்டியைப் பற்றி ஏதோ விளக்கினார்கள். எல்லாம் மனதில் நிற்கவில்லை. திரும்பி வந்தவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"ஏனுங்க, டியூ எப்ப இருந்துங்க கட்டோணும்?"

"சாவி வந்ததுக்கு அப்பறந்தான்," என்றேன்.

அதற்குப் பிறகு முப்பது இடத்தில் கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் கைபேசி எண் கேட்ட இரண்டு கட்டத்திலும் என் எண்ணையே எழுதினேன். அவள் பல் ஆஸ்பத்திரியில் வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. எதற்குத் தொந்தரவு.

வரும்போது அன்னபூரணி மெஸ்ஸில் மூன்று பேரும் சாப்பிட்டோம். மகள் சாரு பிளஸ் டூ. புது வீட்டில் தனக்கு எந்த அறை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 5

147.

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. கணக்கில் 6,600 எடுத்திருக்கிறார்கள். எதிர்பார்த்ததுதான்.

ஜூலை 9

ஞாயிறு. 140.

கருணா ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். சாவி வர எப்படியும் ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை டியூ இல்லை. அதற்குள் சாருவின் கல்லூரிச் செலவுக்குச் சேர்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறாள். சாருவுக்குப் பிசியோதெரபி படிக்க ஆசை. கருணாவின் முகத்தில் இத்தனை தெளிவைப் பார்த்து நாளாகிறது. ஐந்தாம் தேதி வந்த குறுஞ்செய்தியை அவளுக்குக் காட்டவில்லை.

வீடு வாங்க வேண்டாம் என்று நான்கு வருடம் மறுத்தவள் அவள். வாடகையும் கொடுத்துக்கொண்டு டியூவும் கட்ட நம்மால் ஆகாது என்பாள். நான் வீடு கேட்ட காரணம் வேறு. அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தபோது உடலை வீட்டுக்குக் கொண்டுவர வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. மேலே குடியிருப்பவர்கள் பயப்படுவார்களாம். சவக்கிடங்கிலிருந்து நேராக மின்மயானம். வந்தவர்கள் மயான வாசலில் செருப்போடு நின்று மாலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி நானும் கருணாவும் பேசிக்கொள்வதில்லை.

ஜூலை 21

151.

காய்கறி மண்டியில் வேலை கிடைத்துவிட்டது. காலை ஐந்து முதல் எட்டு வரை, தக்காளிப் பெட்டி எண்ணி எடை பார்த்து எழுத வேண்டும். நாளைக்கு முந்நூற்று ஐம்பது. மண்டிக்காரர் மாரண்ணன் நல்ல மனிதர். எட்டரைக்குக் கம்பெனி பஸ் பக்கத்திலேயே வந்துவிடும்.

வீட்டில் நடைப்பயிற்சிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதும் உண்மைதான்.

ஆகஸ்ட் 30

158. தரை எப்போதும் ஈரம். பெட்டியிலிருந்து தக்காளித் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பர் 24

சைட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடித் தளம் போட்டுவிட்டார்கள். மூன்றாவதற்குப் பலகை அடிக்கிறார்கள். கைப்பிடி இல்லாததால் யாரையும் மேலே விடுவதில்லை. கீழே நின்று, நம் வீடு எந்த இடம் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் ஆகாயத்தைக் காட்டினார்.

நவம்பர் 10

163.

கருணா தீபாவளி போனஸில் எனக்கு ஷூ வாங்கிவந்தாள். வெள்ளை ஷூ, நடப்பதற்கென்றே செய்தது, இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை வந்தவர்கள் காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று அவளுடைய டாக்டரம்மா சொன்னார்களாம். கீழே உட்கார்ந்து அவளே கயிறு கட்டிவிட்டாள்.

நவம்பர் 14

ஷூவைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புகிறேன். மண்டியில் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மாரண்ணன் மேசைக்கு அடியில் வைத்துவிடுகிறேன். நனைந்தால் வீணாகிவிடும்.

டிசம்பர் 5

9,900. வங்கி அடுத்த பகுதியை பில்டருக்குக் கொடுத்துவிட்டது. கொடுக்கக் கொடுக்க வட்டி ஏறும். மாரண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 1

புது வருடம். இந்த டைரியிலேயே மிச்சப் பக்கம் நிறைய இருக்கிறது. தேதியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

181. நேற்று கேக் சாப்பிட்டதால் இருக்கும்.

பிப்ரவரி 18

சர்க்கரை பார்க்கும் கருவிக்குள் வைக்கும் பட்டை தீர்ந்துவிட்டது. ஐம்பது பட்டை எழுநூறு ரூபாய்க்கு மேல். அடுத்த மாதம் வாங்கலாம்.

மார்ச் 22

சாருவுக்குப் பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள்.

கருணா வாசலில் ஷூவைத் துடைக்க எடுத்தவள் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாலு மாசமா நடக்கறீங்க. அடி தேயவே இல்லீங்களே."

நல்ல கம்பெனி என்றேன். பார்க்கில் மண் பாதைதானே என்றும் சொன்னேன். அவள் ஷூவை வைத்துவிட்டு உள்ளே போனாள். என்னிடம் எதையும் இரண்டு தரம் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

மே 11

பில்டரிடம் பேசினேன். மணல் கிடைக்கவில்லை, ஆள் ஊருக்குப் போய்விட்டது என்று இழுக்கிறார். டிசம்பரில் சாவி கொடுத்துவிடுவாராம். போன தரம் பேசியபோது ஆகஸ்ட் என்றார்.

ஜூன் 5

13,200. சம்பளத்தில் கை வைக்க முடியாது. வாங்கியவுடன் கருணாவிடம் கொடுத்துவிடுவது கல்யாணமானதிலிருந்து வழக்கம். கம்பெனி சொசைட்டியில் முப்பதாயிரம் எடுத்திருக்கிறேன். காலை மாத்திரையை நிறுத்தி ராத்திரி மாத்திரை மட்டும் போட்டுக்கொள்கிறேன். ஒரு மாத அட்டை இரண்டு மாதம் வருகிறது. தலை கொஞ்சம் கனமாக இருக்கிறது, மற்றபடி ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 29

சாருவுக்கு இடம் கிடைத்தது. கருணா சீட்டை ஏலத்தில் எடுத்து அறுபதாயிரம் கட்டிவிட்டாள். "டியூ ஆரம்பிச்சிருந்தா இது முடிஞ்சிருக்குமாங்க?" என்று கேட்டாள். முடிந்திருக்காது என்றேன்.

ஆகஸ்ட் 19

இடது கால் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் செருப்பு கடித்திருக்கிறது. எப்போது கடித்தது என்றே தெரியவில்லை. வலி இல்லாததால் கவலை இல்லை. மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

ஆகஸ்ட் 27

ஈரத்தில் புண் ஆறவில்லை. காலில் பாலித்தீன் பை கட்டிக்கொண்டு நிற்கிறேன். மாரண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதச் சொன்னார். உட்கார்ந்தால் தராசு முள் தெரியாது.

செப்டம்பர் 8

சாரு வீட்டில் ஏதோ வாடை என்கிறாள். வாசல் சாக்கடையாக இருக்கும். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 15

விரல் கறுத்திருக்கிறது. இரண்டு நாளாகக் காய்ச்சல். கருணா டாக்டரிடம் போகலாம் என்றாள். ஐந்தாம் தேதி தாண்டட்டும் என்று வாயில் வந்துவிட்டது. ஐந்தாம் தேதி என்ன என்றாள். சம்பளக் கணக்கு என்றேன்.

காலுறை போட்டுக்கொண்டே தூங்குகிறேன்.

அக்டோபர் 11

கிட்டத்தட்ட நான்கு வாரம் எழுதவில்லை. இது பெரிய ஆஸ்பத்திரியில், படுக்கையில் படுத்துக்கொண்டு எழுதுவது.

செப்டம்பர் இருபதாம் தேதி மண்டியில் விழுந்துவிட்டேனாம். பெட்டிகளின் மேல் கை வைத்தது ஞாபகம் இருக்கிறது. மாரண்ணன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். நிற்கவில்லை. போன வாரம் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். போர்வைக்கு மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியாது.

சர்க்கரை 410 இருந்ததாம். டாக்டர் கருணாவைக் கேட்டிருக்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், தினமும் நடக்கிறார் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 13

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்று மாரண்ணன் பார்க்க வந்தார். கையில் சம்பள பாக்கியும் பிளாஸ்டிக் பையில் என் ஷூவும். கருணா யாரென்று தெரியாமல் எழுந்து நின்றாள். விழுந்த அன்று அவர் அவளைப் பார்க்காமலே கிளம்பிவிட்டாராம். ரோட்டில் யாரோ தூக்கிவந்து சேர்த்தார்கள் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள்.

"ஈரத்துல நிக்காதீங்கன்னு நானும் சொன்னனுங்க அம்மணி," என்றார் அவர். "ஒரு வருசத்துக்கு மேல என்கூட இருந்தாரு. ஒரு நாள் லீவு போட்டதில்லீங்க."

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு என் போனைக் கேட்டாள். கொடுத்தேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வங்கிச் செய்திகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிப் படித்தாள். முதல் செய்தி வரைக்கும் போனாள்.

"போன வருசம் ஜூலையில இருந்துங்களா?"

"ஆமா."

"நான் கையெழுத்துப் போடறப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன்.

இந்த டைரியின் தொடக்கத்தில் மேடம் சொன்னது மனதில் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அவர்கள் ஒரு தாளில் கோடு போட்டே காட்டினார்கள். எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு மறு மாதத்திலிருந்து வட்டி, அசலும் வட்டியும் சேர்ந்த முழுத் தவணை பிறகு. புரிந்ததா சார் என்று கேட்டார்கள். புரிந்தது என்றேன். கருணா ஜெராக்ஸ் கடையிலிருந்து வருவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததும் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சொன்னால் எழுந்து போய்விடுவாள். நமக்கு வீடே கிடையாது. நானே சமாளித்துவிடலாம், சாவியைக் கையில் கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவள் ஷூவைப் பையிலிருந்து எடுத்து இரண்டையும் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவிக்கு வெந்நீர் பிடிக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 16

இன்று சாருதான் சாப்பாடு கொண்டுவந்தாள். அம்மா எங்கே என்று கேட்டேன். வேலை என்றாள். கட்டு மாற்றும்போது நர்ஸ் பக்கத்தில் நின்று எப்படிச் சுற்றுகிறார்கள் என்று கவனமாகப் பார்த்தாள். படிக்கிற பிள்ளை இல்லையா.

நவம்பர் 3

வீட்டுக்கு வந்தாயிற்று. தரைத்தளம் என்பதால் சிரமமில்லை. கக்கத்தில் கட்டை.

இரண்டு நாளாக கருணாவும் சாருவும் வங்கிப் பத்திரங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். சாரு ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்ல, கருணா பென்சிலால் கோடு போடுகிறாள். நாற்பத்தொரு பக்கம். நான் எட்டு பக்கத்துக்கு மேல் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஒரு பக்கத்தை என் மடியில் வைத்தாள்.

"இங்க ஒண்ணு இருக்குதுங்க. உங்களுக்கும் தெரியாதுன்னு நெனைக்கறேன்."

முதல் பணம் கொடுத்த நாளிலிருந்து பதினெட்டு மாதம், அல்லது வீட்டை ஒப்படைக்கும் நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதிலிருந்து முழுத் தவணை. வீடு முடிந்தாலும் முடியாவிட்டாலும் வரும் ஜனவரி ஐந்தாம் தேதி 19,800 கட்ட வேண்டும். சாவி வந்தால்தான் முழுத் தவணை என்று நானும் நம்பித்தான் இருந்திருக்கிறேன். மேடம் அதைச் சொன்னார்களா, நான்தான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேனா, தெரியவில்லை.

நவம்பர் 20

கம்பெனியிலிருந்து மேனேஜர் வந்தார். ஸ்டோருக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். ஜனவரியிலிருந்து கேட்டில் உட்கார்ந்து வண்டி எண் எழுதலாம், பதினான்காயிரம் தருவார்கள். இதுவரை வாங்கியதில் பாதிக்கும் கீழே. பழம் வாங்கிவந்திருந்தார். ஆப்பிளும் மாதுளையும். நான் சாப்பிடக்கூடாதென்று சாரு எடுத்து உள்ளே வைத்தாள்.

டிசம்பர் 8

கருணா வங்கிக்குத் தனியாகப் போய் வந்தாள். நான் வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்றுவிட்டாள். மேடம் மாறிப்போய் இப்போது வேறொருவராம். தள்ளிப்போட ஏதாவது வழியுண்டா என்று கேட்டிருக்கிறாள். மூன்று மாதம் வேண்டுமானால் எழுதிக் கேட்கலாம், அதற்கும் வட்டி சேரும் என்றார்களாம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"வித்துரலாமுங்க."

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாருவின் படிப்பை நிறுத்தினால் முடியுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டதாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

"அவ படிப்புல கை வெக்கறதா இருந்தா, நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஜனவரி 5

19,800. அவளுடைய சம்பளத்தையும் என் சொசைட்டி மிச்சத்தையும் சேர்த்துக் கட்டினோம். வாடகைக்கு மாரண்ணன் கொடுத்தார். வேண்டாமென்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஜனவரி 19

பில்டர் மூலமாக ஒருவர் வந்தார். திருப்பூர்க்காரர், சின்னக் குடும்பம். வங்கிக் கடனை அவர் அடைத்துவிட்டு, மிச்சத்தில் நமக்கு மூன்று லட்சத்து எழுபதாயிரம் தருகிறார். போட்டது ஐந்தரை லட்சமும், பதினெட்டு மாத வட்டியும். ஏழு பவுனின் இன்றைய விலையை சாரு போனில் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினாள்.

கருணா சம்மதம் சொல்லிவிட்டாள். சொல்வதற்கு முன் என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். இந்த வீட்டு விஷயத்தில் அவள் என்னைப் பார்த்து, நானும் நேராகப் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 14

காலை 128. சாருதான் பார்த்து எழுதச் சொன்னாள்.

இன்று கைமாற்றிக் கொடுக்கும் நாள். பன்னிரண்டு மணிக்கு பில்டர் ஆபீஸில் கையெழுத்து. அதற்கு முன் ஒரு தடவை வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள் கருணா. இதுவரை அவள் சைட்டுக்கு வந்ததே இல்லை. முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொல்லிவந்தேன்.

ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். நான்கு மாடியும் எழும்பிவிட்டது. வெளிப்பூச்சு பாதி ஆகியிருக்கிறது. லிப்ட் வரவேண்டிய இடத்தில் வெறும் குழி, குறுக்கே இரண்டு பலகை. படிக்கட்டில் இன்னும் கைப்பிடி இல்லை. மேஸ்திரி என் கட்டையைப் பார்த்தார். நீங்கள் இருங்கள் என்று ஒரு செங்கல் அடுக்கின் மேல் சாக்கை விரித்தார்.

அவர்கள் இருவரும் ஏறினார்கள். கருணா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே ஏறினாள். பிறகு காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னலுக்கு இன்னும் கதவு போடாததால் சாரு ஏதோ சொல்வது எதிரொலித்துக் கீழே வந்தது. வார்த்தை புரியவில்லை. கருணாவின் குரல் வரவில்லை.

இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு வீட்டைச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அங்கே என்ன செய்தாள் என்று தெரியாது. எந்த இடத்தில் நின்றாள், எதைத் தொட்டாள் என்று நான் கேட்கவும் முடியாது.

இறங்கி வந்தபோது சேலை ஓரமெல்லாம் சிமென்ட். சாரு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவுக்கு நேராகப் போனாள். கருணா என் பக்கத்தில் வந்து நின்று கட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டேன்.

ஏதாவது குறை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இருட்டு, சின்னது, காற்றில்லை என்று ஏதாவது. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அவள் நிமிர்ந்து மூன்றாவது மாடியைப் பார்த்தாள்.

"நல்ல வூடுங்க," என்றாள்.

பிறகு என் கக்கத்துக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். ஆட்டோ வரைக்கும் பதினைந்து அடி. மணி பதினொன்றேகால் ஆகியிருந்தது. கையெழுத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.